சார்ட்டர்டு என்ஜினியர்: தேவையா, வெறும் வாலா?

கம்பிகட்டி:
பிரிஸ்பேன்ல ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், 8 வருஷம். ஆபீஸ்ல சார்ட்டர்டு என்ஜினியர்ங்கிற தொழில் அங்கீகாரத்தை எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறாங்க. அவங்க கேக்குற காம்பிடன்சிக்கு, அதாவது திறமைகளுக்கு, ஆதாரத்தோட எழுதணும், இன்டர்வியூ வேற. வாங்கினப்புறமும் ஒவ்வொரு மூணு வருஷத்துக்கும் 150 மணி நேரம் சிபிடி, அதாவது தொழில்ல தொடர்ந்து கத்துக்கிட்ட கணக்கு, காட்டணும். பேருக்குப் பின்னாடி ஒரு வாலுக்கு இவ்வளவு பாடா?

மூணாம்ஃபேஸ்:
வேண்டாம் ப்ரோ, காசுக்குப் பிடிச்ச கேடு. என் சிபிடி எப்படி ஓடுது தெரியுமா? ஒரு ஸ்கிரீன்ல வெபினார், இன்னொண்ணுல ரிலே செட்டிங். போன தடவை ஆடிட் மெயில் வந்ததும் பழைய கேலண்டரைத் தோண்டி ரெண்டே ராத்திரியில எக்ஸெல்லை ரொப்பினேன். பாஸ்!

வடிகால்வாசி:
நீங்க தூங்கினதுக்கு சிபிடி என்ன பண்ணும்? கம்பிகட்டி தம்பி, ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்காதீங்க. சார்ட்டர்டுங்கிறது என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாங்கிற சங்கம் குடுக்குறது, உங்க இஷ்டம். ஆர்பிஇக்யூ, அதாவது குவீன்ஸ்லாந்து என்ஜினியர் பதிவு, அப்படியில்ல. உங்க பிரிஸ்பேன் இருக்குற குவீன்ஸ்லாந்துல 2002 சட்டப்படி அது இருக்கணும், இல்லன்னா அது இருக்குறவர் நேரடி மேற்பார்வையில வேலை பார்க்கணும். ஸ்டாண்டர்டுல இருக்குறதை அப்படியே பின்பற்றிச் செய்யற வேலைக்குத்தான் விலக்கு. விக்டோரியாவும் 2019ல தனியா சட்டம் போட்டாச்சு.

மூணாம்ஃபேஸ்:
சட்டம் என்ன கிழிச்சது அண்ணா? நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல சிடிவி கட்டடம் 2011 நிலநடுக்கத்துல விழுந்து 115 பேர் செத்தாங்க. அதைக் கட்டினப்ப மேற்பார்வை பார்த்த ஆள், இன்னொருத்தர் டிகிரியைத் தன்னோடதுன்னு காட்டி ஆஸ்திரேலியாவுல வருஷக்கணக்கா என்ஜினியரா உலாவினார். பிடிச்சது யாரு? பத்திரிகைக்காரங்க!

வடிகால்வாசி:
பிடிச்சது அவங்கதான், ஒத்துக்கிறேன். ஆனா கோர்ட்டுல நிறுத்தினது எது? நீங்க திட்டுற அதே குவீன்ஸ்லாந்து சட்டம். அபராதம் 5 லட்சம் டாலர். சட்டமே இல்லன்னா "ஏமாத்திட்டார்"னு புலம்பிட்டுப் போயிருப்போம்.

மூணாம்ஃபேஸ்:
பல வருஷம் கழிச்சு! திருடன் போனப்புறம் பூட்டு.

கியூரிங்28:
போன மாசம்தான் இன்டர்வியூ முடிச்சேன். சிபிடி பத்தி மூணாம்ஃபேஸ் சொல்றதுல பாதி உண்மை. ஆனா எழுதுற கட்டத்தை லேசா நினைக்காதீங்க. காங்கிரீட் லாரி கேட்ல நிக்குது, ஸ்லாப்ல மேல்கம்பி ட்ராயிங்ல இருக்குற இடைவெளியில இல்ல. சைட் ஆளுங்க முறைக்க முறைக்க, ஊத்தாதீங்கன்னு நிறுத்தினது நான். அதை "நாங்கள் முடிவு செய்தோம்"ங்கிற தோரணையில எழுதி வெச்சிருந்தேன். இன்டர்வியூவுல ஒரே கேள்வி: "நாங்கள்னா யாரு?" அன்னைக்கு என் மேனேஜர் ஊர்லயே இல்ல. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

மூணாம்ஃபேஸ்:
கதை நல்லாத்தான் இருக்கு. இந்தக் கேள்வியை உங்க மேனேஜரே கேட்டிருக்கலாம், ஃபீஸ் இல்லாம.

கியூரிங்28:
8 வருஷத்துல ஒரு தடவை கூடக் கேக்கலையே ப்ரோ.

கம்பிகட்டி:
இப்பத்தான் என் ட்ராஃப்ட்ல தேடிப் பார்த்தேன். இங்கிலீஷ்ல "வீ" (நாங்கள்) 41 இடத்துல இருக்கு. "ஐ" (நான்) ஆறு. அதுலயும் ரெண்டு, மீட்டிங்ல கலந்துக்கிட்டேன்னு.

மூணாம்ஃபேஸ்:
தேடினதை சிபிடில போட்டுக்குங்க, அரை மணி நேரம்.