'அலோன் அகெய்ன்' பாடிய கில்பர்ட் ஓ'சலிவன் ஏன் திடீரென்று காணாமல் போனார்?

கீபோர்டு மாலதி:

எல்லோருக்கும் வணக்கம். கீபோர்டு மாஸ்டர் இந்த மாதம் பழகச் சொன்ன பாட்டு 'அலோன் அகெய்ன் நேச்சுரலி'. மெட்டு அவ்வளவு இதமாகப் போகிறது. வார்த்தைகளைக் கவனித்தால்தான் மனசு கனக்கிறது. கல்யாணத்தன்று தேவாலயத்தில் கைவிடப்பட்டவன் கோபுரத்தில் ஏறிக் குதித்துவிடலாமா என்று யோசிக்கிறான். அப்புறம் கடவுளிடமே கேள்வி கேட்கிறான். கடைசியில் அப்பாவின் சாவு, அம்மாவின் சாவு.

பாடியவர் அயர்லாந்துக்காரர் கில்பர்ட் ஓ'சலிவன் என்றும், 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு என்றும் மாஸ்டர் சொன்னார். இது அவருடைய சொந்தக் கதையா? இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஏன் அவர் பெயரே அடிபடவில்லை? ஏதோ கோர்ட் விவகாரம் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். வேறு எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்பதையும் சேர்த்து.

ரெக்கார்டு பெட்டி:

மாலதி, முதல் கேள்விக்கு நேராகவே பதில்: சொந்தக் கதை இல்லை. பாட்டு வெளிவந்தபோது அவருடைய அம்மா உயிரோடுதான் இருந்தார். அப்பா இறந்தது உண்மை. அப்போது ஓ'சலிவனுக்கு 11 வயது. ஆனால் அப்பாவோடு தனக்கு நெருக்கமே இருந்ததில்லை, அம்மாவை அவர் நன்றாக நடத்தவில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசிச் சரணத்தில் வரும் துக்கம் முழுக்க ஒரு எழுத்தாளனின் கற்பனை. 25 வயதுக்குள் அதை எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்றும் பிரமிப்பு.

இயற்பெயர் ரேமண்ட் எட்வர்ட் ஓ'சலிவன். 1946 டிசம்பர் 1 அன்று வாட்டர்ஃபோர்டில் பிறந்தார். அப்பா இறைச்சி வெட்டும் தொழிலாளி, அம்மா மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குப் போய், பிறகு ஸ்விண்டனில் குடியேறியது. அங்கே ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது ரிக் டேவிஸ் நடத்திய குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பின்னாளில் 'சூப்பர்டிராம்ப்' என்ற ராக் குழுவைத் தொடங்கிய அதே ரிக் டேவிஸ்தான். நீங்கள் கீபோர்டு பழகுவதால் இதைக் கவனியுங்கள்: ஓ'சலிவனின் பியானோவில் டிரம்ஸ்காரரின் கை தெரியும். அலங்காரமாக எதுவும் வாசிக்க மாட்டார், கோர்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, சீராகத் தட்டிக்கொண்டே போவார். உங்கள் பாட்டிலும் அப்படித்தான். மேலே மெட்டு சாதாரணமாக நடக்கும், கீழே கோர்டுகள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நழுவிக்கொண்டிருக்கும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சுருதிக்கு மாறித் திரும்பி வரும். குரல் மட்டும் எங்கேயும் உடையாது. அழுது பாடியிருந்தால் இந்தப் பாட்டு ஐம்பது வருஷம் நின்றிருக்காது.

லண்டன் வந்து துணிக்கடையில் எழுத்தர் வேலை பார்த்தபடியே பாட்டு எழுதினார். ஆரம்பத்தில் வந்த இசைத்தட்டுகள் எதுவும் எடுபடவில்லை. அப்போதெல்லாம் பாடகர்கள் தலைமுடியைத் தோள்வரை வளர்த்த காலம். இவர் அரைக்கால் சட்டை, தட்டைத் தொப்பி, கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டிய கிராப்பு என்று பழைய ஊமைப்படத்துப் பையன் போல வந்து நின்றார். மேனேஜர் கார்டன் மில்ஸுக்கு அந்த வேஷம் பிடிக்கவில்லை. ஆனாலும் இவர் பிடிவாதமாக அப்படியேதான் மேடையேறினார். அந்தப் பிடிவாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர்.

இந்த மில்ஸ்தான் பிரபலப் பாடகர்கள் டாம் ஜோன்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் இருவருக்கும் மேனேஜர். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: மில்ஸும் எங்கல்பர்ட்டும் மெட்ராஸில் பிறந்தவர்கள். மில்ஸ் ஓ'சலிவனைத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார். செலவுக்குக் கொஞ்சம் பணம், பாட்டு எழுத நிம்மதி. மில்ஸின் மகள் கிளேரை மாலை நேரங்களில் இவர்தான் பார்த்துக்கொள்வார். அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியதுதான் 'கிளேர்', 1972 நவம்பரில் பிரிட்டனில் முதலிடம். அதில் வரும் மௌத் ஆர்கனை வாசித்தவர் மில்ஸ். கடைசியில் கேட்கும் சிரிப்பு குழந்தை கிளேருடையது. ஒரு குடும்பமே சேர்ந்து செய்த பாட்டு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில்தான் 'அலோன் அகெய்ன்' அமெரிக்காவில் மொத்தம் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு 'கெட் டவுன்' மறுபடியும் பிரிட்டனில் முதலிடம். இப்படி இருந்தவர் 1977 வாக்கில் மில்ஸிடமிருந்து பிரிந்தார். காரணம் ஒப்பந்தம். பாட்டு எழுதியவர் இவர், உரிமை முழுக்க மில்ஸ் தரப்பிடம். சட்ட விவரத்தை நம் வழக்கறிஞர் அன்பர் என்னைவிடத் தெளிவாகச் சொல்லுவார்.

வழக்காடி:

ரெக்கார்டு பெட்டி ஐயா கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன். இந்த வழக்கை ஒப்பந்தச் சட்டம் படித்தவர்கள் பலர் பாட்டே கேட்காமல் பாடமாகப் படித்திருப்பார்கள். 'ஓ'சலிவன் எதிர் மேனேஜ்மென்ட் ஏஜென்சி அண்ட் மியூசிக்'.

1970இல் மில்ஸ் தரப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது ஓ'சலிவனுக்கு 23 வயது. வியாபாரம் தெரியாது, மில்ஸ் மேல் முழு நம்பிக்கை. தனக்கென்று ஒரு வக்கீலை வைத்து யோசனை கேட்கவில்லை, அப்படிக் கேட்டுக்கொள் என்று எதிர்த்தரப்பும் சொல்லவில்லை. மேனேஜர், பதிவு நிறுவனம், பாட்டு உரிமையைக் கையாளும் நிறுவனம் எல்லாமே ஒரே கூட்டத்தின் கையில். 1982இல் லண்டன் உயர் நீதிமன்றம், நம்பிக்கையைப் பயன்படுத்திப் பெற்ற ஒப்பந்தங்கள் இவை என்று சொல்லி ரத்து செய்தது. 1970 முதல் 1978 வரை அவர் பாட்டுகள் ஈட்டியது 1.45 கோடி பவுண்டு, அவர் கைக்கு வந்தது 5 லட்சம் பவுண்டு என்று அந்த வழக்கில் வெளிவந்தது. பாட்டுகளின் காப்புரிமையும் மூலப் பதிவு நாடாக்களும் அவரிடமே திரும்ப வந்தன.

மேல்முறையீட்டிலும் அவருக்குத்தான் வெற்றி. ஆனால் ஒரு நியாயமான திருத்தம் செய்தார்கள்: இவரை வளர்த்துவிட மில்ஸ் தரப்பு போட்ட உழைப்புக்கும் திறமைக்கும் உரிய கூலியும் ஓரளவு லாபமும் அவர்களுக்குப் போக வேண்டும் என்று. அந்தப் பகுதிதான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் இதே மாதிரியான தகாத செல்வாக்கைத்தான் பேசுகிறது.

இந்த வெற்றி எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு ஒப்பீடு. சில ஆண்டு கழித்து பாடகர் எல்டன் ஜான் தன் பழைய பாட்டுப் பதிப்பாளர் மேல் இதே மாதிரி வழக்குப் போட்டார். பணக்கணக்கில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் காலம் கடந்து வந்தீர்கள் என்று சொல்லி, பாட்டு உரிமையைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கீபோர்டு மாலதி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 'கிளேர்' கேட்டேன். மில்ஸ் வாசித்த மௌத் ஆர்கன் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு ராப் பாடகரின் வாழ்க்கையை இவர்தான் கெடுத்தார் என்று ஒரு இடத்தில் படித்தேன். அது என்ன?

ரெக்கார்டு பெட்டி:

அது பிஸ் மார்க்கி விவகாரம். அவர் 1991இல் வெளியிட்ட ஆல்பத்தில் 'அலோன் அகெய்ன்' தொடக்க இசையை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு பாட்டு செய்திருந்தார். முதலில் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே ஆல்பத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கித் தடை விதித்தார். கிரிமினல் வழக்குக்கும் பரிந்துரைத்தார், அப்படி ஒரு வழக்கு நடக்கவில்லை. அதன்பிறகு அமெரிக்க ராப் உலகமே மாறிப்போனது. பழைய இசைத்தட்டிலிருந்து நாலு நொடி எடுக்க வேண்டுமென்றாலும் காசு, கையெழுத்து. கையில் பணமில்லாத சின்னக் கலைஞர்களுக்கு அது பெரிய அடி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதற்காக ஓ'சலிவனைக் கொடியவனாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அப்பா மாதிரி இருந்த மனிதரோடு வழக்காடி, குரலும் பெயரும் உச்சத்தில் இருக்க வேண்டிய வருஷங்களைக் கோர்ட்டில் கொடுத்து, அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டு அவர் கைக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் பல வருஷம் புது ஆல்பமே கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பெரும்பகுதி பதில் அதுதான். மில்ஸ் 1986இல் புற்றுநோயில் போய்விட்டார். இவ்வளவு விலை கொடுத்து மீட்ட ஒன்றை, கேட்டும் கொடுக்காதபோது ஒருவர் எடுத்துக்கொண்டால் பேசாமல் இருக்க முடியுமா? பிஸ் மார்க்கியை எனக்குப் பிடிக்கும். 1993இல் வந்த அவருடைய அடுத்த ஆல்பத்தின் பெயரே எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கியாகிவிட்டது என்று அறிவித்தது. அவரும் 2021இல் காலமாகிவிட்டார்.

காணாமல் போனார் என்பதும் முழு உண்மை இல்லை. ஜப்பானில் அவருக்கு விசுவாசமான ரசிகர்கள் உண்டு. அங்கே ஒரு கார்ட்டூன் தொடரில்கூட 'அலோன் அகெய்ன்' ஒலித்திருக்கிறது. ஜெர்ஸி தீவில் வீடு, பியானோ முன்னால் தினமும் வேலை. 2018இல் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம், 2022இல் 'டிரிவன்'. குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, சொல் தேர்வில் கூர்மை குறையவில்லை.

எதைக் கேட்பது என்றால், முதலில் 'நத்திங் ரைம்ட்'. 1970இல் அவரைப் பிரிட்டனில் முதல் பத்துக்குள் கொண்டுவந்த பாட்டு. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பட்டினிச் சாவைப் பார்ப்பவனின் குற்ற உணர்ச்சியை அன்றைக்கே எழுதிவிட்டார். அதற்கப்புறம் 'வீ வில்'. பிறகு முதல் ஆல்பமான 'ஹிம்செல்ஃப்' முழுசாக. கீபோர்டுக்கு 'நத்திங் ரைம்ட்' கோர்டுகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'அலோன் அகெய்ன்' நடுப்பகுதியில் சுருதி மாறும் இடம் கையில் நிற்க நாள் எடுக்கும். அங்கே தடுமாறினால் மாஸ்டரிடம் அந்த நாலு வரியை மட்டும் தனியாக, மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.