பழைய ஜீப், பிரேக் ஆயில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஜிப்ஸி96
வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 96 மாடல் ஜிப்ஸி, பின்னால் மாமியார், மகள், ஏகப்பட்ட சாமான். மூன்றாவது கியரில் வந்தேன், தப்பு என்னுடையதுதான். 13-ஆம் வளைவுக்கு முன்னால் காலை வைத்தால் பெடல் தரையோடு போய்விட்டது. ஓங்கி ஓங்கி மிதிக்கிறேன், பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது. "ஏம்பா காலை ஆட்டிக்கிட்டே இருக்க?" என்று மகள் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. இரண்டு, ஒன்று என்று கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்க ஓடையில் டயரை இறக்கி நிறுத்தினேன்.

கடுப்பு என்னவென்றால், முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது! ஊருக்கு வந்து காட்டினால் மெக்கானிக், "ஒரு கம்ப்ளைன்டும் இல்ல சார்" என்கிறார். லீக் இல்லை, பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆயில் மாற்றி ஆறு வருடம் ஆகிறது. நான் தூங்கிவிட்டேன் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

கொல்லிமலை ஜீப்
நீங்கள் தூங்கவில்லை, ஆயில் கொதித்திருக்கிறது. ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அமுங்கத்தான் செய்யும். ஆறினால் பழையபடி ஆகிவிடும், அப்புறம் மெக்கானிக் கண்ணுக்கு என்ன தெரியும்?

எனக்கு நடந்தது வேறு. பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதே என்று வழியில் ஒரு பையனை ஊற்றச் சொன்னேன். அவன் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டான். சில நாள் கழித்து எங்கள் மலையின் 70 வளைவில் பாதி ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை, நாலு சக்கரத்திலும் பிரேக் பிடித்தபடியே நின்றது. பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. திரும்ப உள்ளே போகவே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), வீல் சிலிண்டர் வாஷர், ஹோஸ், எல்லாம் புதுசு.

பழைய கை
முதலில் எழுதிய தம்பிக்கு: ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) இருக்கும் வண்டியில் மூன்றாவது கியரில் ஏன் இறங்கினீர்கள்? சரி, விடுங்கள். என் கதை இரண்டு வரிதான். பிரேக் லைனில் புகுந்த ஏர் எடுக்கிறேன் என்று பட்டறைப் பையன் பெடலை அடிவரை மிதித்தான். மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.

ஏன் என்று கேளுங்கள். பழைய சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போய்வரும் தூரம் மட்டும்தான் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் துருவும் கசடும். அதில் உரசினால் வாஷர் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். நிப்பிளுக்கு (சக்கரத்தில் ஆயிலையும் ஏரையும் வெளியே விடும் சின்னத் திருகு) முந்தின ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், இல்லையென்றால் நிப்பிள் முனை மழுங்கும், உடையும். டப்பாவில் உள்ளதை முதலில் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுங்கள். தூரத்துச் சக்கரத்தில் தொடங்க வேண்டும்: நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. நடுவில் டப்பா காலியானால் மறுபடி முதலிலிருந்து. வெளியே எடுத்தது தெளிவாக இருக்கிறதே என்று திரும்ப ஊற்றாதீர்கள்.

பிரேக் ஆயில் டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று தரம் போட்டிருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140-தான் கணக்கு. டாட் 4-க்கு 230, 155. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும், அதனால்தான் ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். டாட் 5 என்பது சிலிக்கான், அதை டாட் 3, 4-ஓடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது சிலிக்கான் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மசினகுடி
அண்ணா, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் லோவா? நம் வண்டிகளுக்கு நடு டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் இறுகிக்கொள்ளும். கல்லட்டி 36 வளைவையும் அப்படி இறங்கிப் பார்த்தவன் நான். கீழே வந்து லீவரை எடுத்தால் வரவே இல்லை. ரிவர்ஸ் எடுத்ததும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், ஹவுசிங்கே உடைந்தது என்று நினைத்தேன். நல்லவேளை, லீவர் மட்டும் விடுபட்டது.

பழைய கை
முன் ஹப்பை ஃப்ரீயில் வைத்துவிட்டு (முன் சக்கரத்துக்கு இழுவை போகாது) ஃபோர் லோ போட்டால் அப்படி ஆகாது.

மசினகுடி
அதை மேலே எழுதவில்லையே அண்ணா.

ஜிப்ஸி96
நேற்று மாற்றிவிட்டேன். மிதித்தது மகள், கட்டை வைத்துத்தான். பின் இடது சக்கரத்திலிருந்து வந்தது பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. கொஞ்சம் மட்கார்டில் சிந்தியது, துணியால் மட்டும் துடைத்தேன். காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் சுருங்கி உரிந்திருக்கிறது. உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டுமாம். மாமியார் இனிமேல் பஸ்ஸிலேயே வருகிறாராம்.