நேற்று இன்று நாளை செடி: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

குன்னூர்க்காரி:
ஏப்ரலில் நடந்தது, இன்னும் மனதை உறுத்துகிறது. நேற்று இன்று நாளை (ப்ருன்ஃபெல்சியா) செடியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு ஒன்று நிற்கிறது, நாங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தது. ஒரே கொப்பில் ஊதா, வெளிர் ஊதா, வெள்ளை என்று பூப்பதால், யாரோ மூன்று ரகத்தை ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் கேட் பக்கம் ஒரு பெரியவர் நின்றார். அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், முன்பு இதே வீட்டில் குடியிருந்தாராம். "அந்தச் செடி இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். கூட்டிப் போய்க் காட்டினேன். எதையும் தொடவில்லை. விரலை மட்டும் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இது இன்னைக்கு விரிஞ்சது. இது நேத்து. இந்த வெள்ளை முந்தாநாள்து" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் வீட்டம்மா நட்டதாம். போகும்போது ஒரு குச்சி கேட்டார். பூவோடு இருக்கும்போது வெட்டினால் செடி கெட்டுவிடுமோ என்று பயந்து, "மழைக்காலத்துல வாங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். சரிம்மா என்று போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. மழையும் வந்து ஓய்ந்துவிட்டது, அவர் வரவில்லை.

தலைக்குந்தா:
குன்னூரில் அது ஆள் உயரம் போகும் அக்கா, எங்கள் பக்கத்துப் பாடு வேறு. தை மாதம், முந்தின ராத்திரி மேகமே இல்லை, இலை அசையக் காற்றும் இல்லை. உறைபனிக்கு அதுதான் அடையாளம். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுத்தான் படுத்தேன். விடிந்து எடுத்துப் பார்த்தால், தாள் எங்கெல்லாம் இலையில் படிந்திருந்ததோ அங்கெல்லாம் கறுத்து, தொட்டால் வெந்த கீரை மாதிரி குழைகிறது. அழுகையே வந்துவிட்டது. கவாத்துக் கத்தரியை எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்ப வெட்டாதே, கருகினது மேலேயே நிக்கட்டும், பனி போகட்டும்" என்றார். மார்ச் கடைசியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பச்சை முளை. இப்போதெல்லாம் நாலு குச்சி ஊன்றி, இலையில் படாமல் கோணிச் சாக்கு போடுகிறேன்.

பெருமாள்மலை:
யாராவது ஒருவராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். இந்தச் செடியின் காய் விஷம். எங்கள் நாய் தின்றுவிட்டது. கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே நாலு காலும் விறைத்துக் கம்பி மாதிரி நீண்டுவிடும், கண் மட்டும் என்னையே பார்க்கும். வாந்தியில் கிடந்த விதையைப் பார்த்துத்தான் டாக்டர் என்ன செடி என்று கேட்டார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாதாம். வலிப்புக்கு ஊசியும் குளுக்கோஸும் போட்டு, சத்தமில்லாத இருட்டறையில் வைக்கச் சொன்னார். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது. செடியை வெட்ட மனம் வரவில்லை, பிஞ்சு வந்ததுமே கிள்ளிவிடுகிறேன்.

லவ்டேல்:
கண்ணை மூடி நிற்கிற அளவுக்கு வாசனையா? எங்கள் செடியில் பூ பெரிது பெரிதாக வருகிறது, மூக்கை உள்ளே வைத்தாலும் ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள்.

கோத்தகிரி:
ஏமாற்றவில்லை தம்பி, அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ப்ருன்ஃபெல்சியாவில் பல இனம் உண்டு. பௌசிஃப்ளோரா இனத்துக்குப் பூ பெரிது, மணம் சொற்பம். லாடிஃபோலியாவுக்குப் பூ சிறிது, மணம் நன்றாக இருக்கும். அமெரிக்கானா வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறும், ராத்திரியில்தான் மணக்கும். பெருமாள்மலைக்காரர் சொன்னது முழுக்க உண்மை. இது உருளைக்கிழங்குக் குடும்பம். உருளைச் செடியில் பச்சையாகக் காய்க்குமே, அதை நாம் மாட்டுக்குக்கூடப் போடுவதில்லை.

என் கதை சின்னது. கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு ஒரு கன்று கொடுத்தேன். ஆறு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் உரமாகப் போட்டிருக்கிறாள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான் காரணம், மண் காரத்தன்மைக்கு மாறினால் இந்தச் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. அரிசிச் சாக்கில் நம் மண்ணை அள்ளிக்கொண்டு பஸ்ஸில் போனேன், கண்டக்டர் லக்கேஜ் போட்டார். மண்ணை மாற்றி, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றியதும் தேறியது.

அதனால் சொல்கிறேன். நம் மலை மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, இதற்கு வரம். உருளைக்கும் தேயிலைக்கும் போடுகிற டோலமைட் சுண்ணாம்பை இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முட்டை ஓடும் வேண்டாம், அடுப்புச் சாம்பலும் வேண்டாம். இலைமட்கு போதும். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கவாத்து பூ முடிந்த கையோடு. குச்சி வைப்பதானால் பச்சையாகவும் இல்லாமல் முற்றியும் போகாத கொப்பில் நாலு கணு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணலும் இலைமட்கும் சமமாகக் கலந்து ஊன்றுங்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழுங்கள். வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், தோண்டிப் பார்க்கவே கூடாது. அதைவிட, தாழ்ந்த கொப்பை வளைத்து மண்ணில் பதியன் போடுவது நிச்சயம். குன்னூர் அக்கா, பூவோடு இருக்கும்போது ஒரு குச்சி ஒடித்தால் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கொடுத்திருக்கலாம்.

குன்னூர்க்காரி:
கொடுத்திருக்கலாம்தான் அண்ணா. அதனால்தான் ஜூலையில் நானே தயிர் டப்பாக்களில் நாலு குச்சி வைத்தேன். மூன்று அழுகிவிட்டது. நாலாவதில் நேற்றுக் காலை கணுவில் அரிசி அளவு தளிர். பின்பக்கத்துத் தாழ்ந்த கொப்பைப் பதியனும் போட்டுவிட்டேன். அருவங்காடு பக்கம் இருப்பவர்கள், பழைய கம்பளிக் குல்லாயும் கைத்தடியுமாக, குன்னூரில் முன்பு குடியிருந்த பெரியவர் யாரையாவது தெரிந்தால் செடி தயாராகிறது என்று சொல்லுங்கள். அவர் அலைந்து வர வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன்.