பார்வையில்லாத நாலு வயது மகளுக்கு வீட்டில் என்ன கைவேலை கொடுக்கலாம்? ஈரமாக எதைத் தொட்டாலும் அழுகிறாள்

கயல்அம்மா:
வணக்கம். என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பேச்சு, பாட்டு எல்லாவற்றிலும் படு சுறுசுறுப்பு. ஆனால் களிமண், பசை, பெயின்ட் என்று எது பட்டாலும் விரல்களை மடக்கிக்கொண்டு அழுகிறாள். இணையத்தில் கிடைக்கும் கைவேலைகளும் கண்ணுக்கு அழகாக இருப்பவைதான். நான் அவள் கையைப் பிடித்து ஒட்டி முடித்தால் ஒரு படம் வருகிறது, சரி, அதில் அவளுக்கு என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

முகில்:
நான் சிறப்பாசிரியர். சகோதரி, முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைப்பதை நிறுத்துங்கள். அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதே அந்தக் கையால்தான். அதைத் திடீரென்று பிடித்து எதிலாவது வைத்தால் அடுத்த முறை நீட்டவே பயப்படுவாள். மாற்றிச் செய்யுங்கள், உங்கள் கை கீழே, அவள் கை மேலே. நீங்கள் மாவு பிசையும்போது அவள் கை உங்கள் புறங்கைமேல் இருக்கட்டும். விரல் எப்படி அமுக்குகிறது, எப்படி உருட்டுகிறது என்பது தெரியும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்வாள். என்றாவது ஒரு விரல் மட்டும் நழுவிப்போய் மாவைத் தொடும். அப்போது ஆர்ப்பாட்டம் பண்ணாமல் நீங்கள் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருங்கள்.

ஈரத்துக்கு அவசரமே இல்லை. உலர்ந்த மணலைக் கரண்டியால் அள்ளி ஊற்றட்டும், அப்புறம் பெயின்ட்டை ஜிப் பையில் அடைத்து டேப் ஒட்டிக் கொடுங்கள், வெளியிலிருந்து அமுக்கட்டும். சில்லென்ற மாவைவிட வெதுவெதுப்பான மாவைப் பல குழந்தைகள் சீக்கிரம் தொடுகிறார்கள். எதைக் கொடுத்தாலும், "இது ஈரமா, வழவழன்னு இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆதவன்அப்பா:
என் மகனுக்கும் பார்வை இல்லை, இப்போது பெரியவனாகிவிட்டான். விளிம்பு உயர்ந்த ஒரு ட்ரே வாங்கிவிடுங்கள் அக்கா. உருண்டு ஓடின மணியை மற்ற குழந்தை பார்த்து எடுத்துவிடும், நம் பிள்ளைக்கு அது அப்படியே காணாமல் போய்விடுகிறது, விளையாட்டும் அதோடு முடிந்துவிடுகிறது.

வரைவதற்கு ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையில் ஒரு துண்டை அட்டைமேல் இழுத்து ஒட்டி, அதன்மேல் காகிதம் வைத்து கிரேயானை அழுத்தி வரையச் சொல்லுங்கள். கோடு சொரசொரப்பாக விழும். தான் போட்ட கோட்டைத் தானே தடவிப் பார்க்கிற சந்தோஷத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்!

காகிதத்தில் பஞ்சை ஒட்டி "இதுதான் ஆடு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நமக்குத்தான் அது ஆடு, அவள் விரலுக்கு அது பஞ்சு. அதற்குப் பதில் அவள் நிஜமாகத் தொட்ட பொருளை வைத்துப் புத்தகம் செய்யலாம். வெளியே போனபோது பொறுக்கிய சருகு, கூழாங்கல், பஸ் டிக்கெட் என்று ஒவ்வொரு கெட்டி அட்டையிலும் ஒன்று, எல்லாவற்றையும் கயிற்றில் கோத்துவிடுங்கள். பக்கம் திருப்பிக்கொண்டே அன்றைக்கு நடந்ததை அவளே கதையாகச் சொல்வாள். எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடிய கைவேலை இதுதான்.

கயல்அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தை இந்த வாரமே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். கையில் கிடைப்பதை இன்னும் வாயில் வைக்கிறாள், என்ன செய்ய? பிரெய்லுக்கு இப்போதே ஏதாவது விளையாட்டு உண்டா?

முகில்:
வாயில் வைப்பதும் தெரிந்துகொள்ளும் வழிதான், திட்டாதீர்கள். ஆனால் பட்டன் பேட்டரி, சின்ன காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் வீட்டிலேயே வேண்டாம், விழுங்கினால் பெரிய ஆபத்து. உப்பு போட்டுப் பிசைந்த மாவையும் தின்ன விடக்கூடாது. மணலும் மணியும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளி இடங்களுக்குள் அமையும், அதனால் ஆறு குழி உள்ள முட்டை அட்டை போதும். நெடுவாக்கில் வைத்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. "மூணாவது குழியில் பந்து போடு" என்று விளையாடுங்கள், எழுத்து அப்புறம் வரட்டும். அவளுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் கறுப்பு ட்ரேயில் மஞ்சள் பொருளாக வைத்துப் பாருங்கள்.