அக்காவின் கண் ஸ்கேன்: புதுப்பிப்பு

பாம்பனில் இருக்கும் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றின் இழைகளைச் சுற்றிய உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்), கால் மரத்துப்போகிறவளுக்கு நரம்பு டாக்டர் ஏன் கண்ணில் ஸ்கேன் எழுதுகிறார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மதுரைக்குப் போய் எடுத்தாயிற்று.

அந்த ஸ்கேனுக்குப் பெயர் ஓசிடி, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் எடுக்கும் படம். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. தாடையை மெஷினில் வைத்து உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தாள், "அக்கா, இமைக்காதீங்க" என்றார் ஸ்கேன் எடுத்த பெண், அவ்வளவுதான், பஸ்ஸில் போனதுதான் பெரிய வேலை.

விழித்திரையில் ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை (நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை) இல்லை, அதனால் அந்த அடுக்கு மெலிந்திருந்தால் இழையே அழிந்திருக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடுமாம். அந்த அடுக்கின் தடிமன் இடது கண்ணில் 92 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), வலதில் 76. வலது கண்தான் முன்பு கண் நரம்பு அழற்சியால் வலியோடு மங்கியது (அப்போது ஓரிடத்தில் கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பினார்கள், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது). அந்த அழற்சியே அடுக்கை மெலிய வைத்துவிடும், அதனால் கணக்குக்கு இடது கண்தான். 2016-இல் லான்செட் நியூராலஜியில் வந்த ஆய்வில், அழற்சி வராத கண்ணில் 87, 88 மைக்ரானோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் இயலாமை கூடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இந்த நோயில் இயலாமையை அளக்க 0 முதல் 10 வரை போடும் இடிஎஸ்எஸ் மதிப்பெண் பெரும்பாலும் நடையைப் பார்ப்பது, இந்த ஸ்கேன் அதற்கு மாற்று இல்லை, அதோடு கூடத்தான். கண் அழுத்த நோயிலும் அடுக்கு மெலியும். வருடா வருடம் அதே மெஷினில் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

அப்புறம், கருவாடு காயப்போட வெயிலில் நின்றால் வலது கண் மங்கி, நிழலுக்கு வந்ததும் தெளிகிறதே, அது உடம்புச் சூட்டால் வருவதாம், புதுத் தாக்குதல் இல்லை. இப்போது வெயில் ஏறுமுன் பரப்பிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறாள்.