அன்னபூர்ணா சுற்றுப்பாதை: வண்டிச்சாலை வந்த பிறகும் நடக்கத் தகுமா?

சேலத்து நடையாளர்:

வரும் அக்டோபரில் நானும் என் தம்பியும் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். பேசிசஹாரில் தொடங்கி, மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டி மனாங் வரை ஏறி, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடந்து, முக்திநாத் வழியாகக் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் இறங்குவது எங்கள் எண்ணம். ஆனால் கணவாயின் இருபுறமும் ஜீப் சாலை வந்துவிட்டதால் அந்தப் பாதை செத்துவிட்டது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எங்களுக்குக் கிடைப்பது 16 நாள் விடுமுறை. நடந்தவர்களும் அந்தப் பகுதியை அறிந்தவர்களும் சொல்லுங்கள்: இன்றும் அது நடக்கத் தகுந்த பாதைதானா?

ஒற்றையடி:

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் 2006 நவம்பரிலும் 2022 அக்டோபரிலும் அங்கே நடந்தவன். முதல் முறை எனக்கு 19 நாள் பிடித்தது. மர்ஸ்யாங்டிக் கரையில் வாரக்கணக்கில் கேட்ட ஒலிகள் மூன்றே மூன்று: கீழே ஆற்றின் இரைச்சல், தொங்குபாலத்தில் காற்று, எதிரே வரும் கோவேறு கழுதைகளின் கழுத்துமணி. மணியோசை கேட்டதும் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டை இடித்து ஆளைத் தள்ளிவிடும் என்று முதல் நாளே ஒரு கிழவர் என் தோளைப் பிடித்து இழுத்துக் கற்றுத் தந்தார்.

இரண்டாம் முறை போனபோது, ஜகத் என்ற ஊருக்கு மேலே செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட வண்டித்தடத்தில், கடந்துபோன ஒவ்வொரு ஜீப்பும் கிளப்பிய புழுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். நடப்பவர்கள் கீழ்க்கிராமங்களில் தங்குவதை விட்டுவிட்டார்கள். ஜீப்பில் சாமே வரை, சிலர் மனாங் வரையே போய் இறங்குகிறார்கள். பஹுன்டாண்டாவில் நான் முன்பு தங்கிய விடுதியின் கதவில் பூட்டுத் தொங்கியது. நெல்வயலில் தொடங்கி, பைன் காட்டைக் கடந்து, மரமே முளைக்காத கல்வெளியில் முடியும் நிலமாற்றம் ஒவ்வோர் அடியாகக் காலுக்குத் தெரிவதுதான் அந்தப் பாதையின் பெருமை. பாதியை வண்டியில் தாண்டியவருக்கு அது கிடைப்பதில்லை. உலகின் மிகச்சிறந்த மலைப்பாதை ஒன்றைச் சாலை தின்றுவிட்டது என்பதே என் கருத்து.

போக்ராவாசி:

நண்பர் ஒற்றையடியின் எழுத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் முடிவை ஏற்க இயலாது. பதினோரு ஆண்டுகளாகப் போக்ராவில் ஆசிரியராக இருக்கிறேன். முஸ்தாங், மனாங் மாவட்டப் பிள்ளைகள் என் வகுப்புகளில் படித்திருக்கிறார்கள்.

அது நடைபயணிகளுக்காக வெட்டிய பாதை அன்று. திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் இறங்கவும், கீழ்நாட்டுத் தானியம் ஏறவும் மக்கள் நூற்றாண்டுகளாக மிதித்து உண்டாக்கிய வணிகவழி அது. காளிகண்டகிக் கரையின் தக்காலி மக்கள் அந்த உப்பு வணிகத்தால்தான் செழித்தார்கள். 1959-க்குப் பிறகு திபெத் எல்லையில் கெடுபிடி மிகுந்து வணிகம் நொடித்தபோது, வழிப்போக்கர்களுக்குச் சோறிட்ட தங்கள் வீடுகளையே வெளிநாட்டினருக்கான விடுதிகளாக்கிக்கொண்டார்கள். மனாங் பக்கம் வெளிநாட்டினர் நடக்க அனுமதி கிடைத்ததே 1977-இல்தான். அதாவது நாம் புலம்பும் அந்தப் பொற்காலம் ஒரு தலைமுறைக்காலம் மட்டுமே நீடித்தது. வழி மாறுவது அந்த மக்களுக்குப் புதிதல்ல.

காளிகண்டகிப் பள்ளத்தாக்கிலுள்ள மர்ஃபா கிராமத்து ஆப்பிளையே பாருங்கள். 1966-இல் அங்கே தோட்டக்கலைப் பண்ணை தொடங்கி ஆப்பிளைப் பரப்பினார்கள். விளைந்த பழத்தைக் கீழே கொண்டுபோக வழியில்லாததால் அரிந்து காயவைத்தார்கள், சாராயமாகக் காய்ச்சினார்கள். இன்று பழம் பழமாகவே போக்ரா சந்தைக்கு வருகிறது. ஒற்றையடி அவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: 2006-இல் நீங்கள் நடந்த அந்த 19 நாளில், நோயாளியை முதுகில் சுமந்து வருபவர் ஒருவரைக்கூட நீங்கள் காணவில்லையா?

ஒற்றையடி:

கண்டேன். கேட்டுவிட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். தால் கிராமத்துக்குக் கீழே, மூங்கில் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, கால்களை அந்தத் திறப்பின் வழியே தொங்கவிட்டு, பின்புறம் பார்த்தபடி ஒரு முதியவரை உட்கார வைத்திருந்தார்கள். சுமந்தவருக்கு இருபது வயதுகூட இருக்காது. கூடையின் பட்டை நெற்றியில் ஆழப் பதிந்திருந்தது. முதியவர் கடந்துவந்த வழியையே பார்த்துக்கொண்டு போனார். பேசிசஹார் மருத்துவமனைக்கு இன்னும் இரண்டு நாள் நடை இருந்தது.

அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. நோயாளிக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லும் கல்நெஞ்சம் எனக்கில்லை. மக்களுக்கான சாலையை, நடைவழியின் தலைமீதே போடாமல் எதிர்க்கரையில் போட்டிருக்கக் கூடாதா என்பதே என் கேள்வி.

அரங்கத்து மகள்:

இதுவரை பேசியவர்கள் யாரும் முக்திநாத்துக்குப் போகும் அடியார்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் அதுவே என்று போற்றித் தமிழ்நாட்டு வைணவர்கள் ஆண்டுதோறும் அங்கே போகிறார்கள். 108 திவ்யதேசங்களையும் சேவித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு எட்டாக்கையாக நின்றவற்றுள் அது முதன்மையானது. என் அம்மாவுக்கு அப்போது 71 வயது, முழங்கால் வலியுடையவர். சாலை இல்லையென்றால் அவர் அந்தச் சந்நிதியைப் பார்த்திருக்கவே முடியாது. முக்திநாத்துக்குக் கீழே பள்ளத்தாக்கிலுள்ள ஜோம்சோமுக்குச் சிறு விமானம் உண்டு என்பார்கள். ஆனால் முற்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடுவதால் அது காலையில் மட்டுமே பறக்கிறது, வானிலை கெட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கோயிலின் பின்சுவரில் வரிசையாக உள்ள 108 பசுமுகத் தாரைகளின் கீழும் நீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டே அம்மா நடந்தார். உறைபனிக் குளிரில் விரல்கள் விறைத்துப்போயும் ஒரு தாரையைக்கூட விடவில்லை. அதே நீரைப் பௌத்தர்களும் புனிதமாகக் கொள்கிறார்கள். சந்நிதியில் தீர்த்தம் கொடுத்தவர் ஒரு பௌத்தப் பெண்துறவி. இந்தப் பேறு, மூன்று வாரம் நடக்கக் காலும் விடுமுறையும் வாய்த்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒற்றையடி:

அம்மா, உங்கள் தாயாரின் வழிபாட்டுக்கு என் வணக்கம். நான் அஞ்சுவது சாலையின் வேகத்துக்கு. போக்ரா ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முக்திநாத்தோ 3,700 மீட்டருக்கும் மேலே. இந்த வேறுபாட்டை ஒரே நாளில் ஜீப்பில் ஏறுகிறார்கள். மறுபுறம் 760 மீட்டரிலுள்ள பேசிசஹாரிலிருந்து 3,540 மீட்டரிலுள்ள மனாங்குக்கும் ஒரே நாளில் போய்விடுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலைமருத்துவத்தின் பால பாடம். நடந்து ஏறியவரை அந்தப் பாதையே அளவோடு ஏற்றியது. வண்டியில் வருபவருக்கு அந்தக் காவல் இல்லை. மனாங்கில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாமில், பருவகாலத்தில் பிற்பகல்தோறும் உயரநோய் பற்றி விளக்குகிறார்கள். 2022-இல் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, முந்தின நாள் ஜீப்பில் வந்திறங்கிய இருவர் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

அரங்கத்து மகள்:

இதை முழுமையாக ஏற்கிறேன். நாங்கள் போனபோது, ஒரு மருத்துவ உறவினரின் சொற்படி மர்ஃபாவில் இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான் மேலே போனோம். முக்திநாத்தில் இரவு தங்காமல் அன்றே இறங்கிவிட்டோம். அதே நாளில் நேராக வந்த வேறொரு குழுவில் மூன்று பேர் வாந்தியெடுத்துச் சந்நிதிக்கே வர முடியாமல் கிடந்தார்கள். ஏற்பாட்டாளர் அவர்களுக்கு உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இது சாலையின் குற்றமா, எச்சரிக்காமல் அழைத்து வருபவரின் குற்றமா?

பாறைமொழி:

நிலவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். சாலை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அது எப்படி வெட்டப்படுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மேற்கே 8,167 மீட்டர் தௌலகிரி, கிழக்கே 8,091 மீட்டர் அன்னபூர்ணா. இடையே சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் காளிகண்டகி ஓடுகிறது. இமயம் எழும்புவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆறு, எழுந்த மலையை அறுத்துக்கொண்டே தன் வழியைக் காத்துக்கொண்டது என்று நிலவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். சாளக்கிராமக் கல்லுக்குள் இருக்கும் சுருள், இமயத்துக்கு முன் அங்கிருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் புதைபடிவம். அதாவது பழைய கடற்படுகையே அங்கு மலையாக நிற்கிறது; இன்னும் எழும்பிக்கொண்டும் உடைந்துகொண்டும் இருக்கிறது. மலையின் தெற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழைமறைவிலுள்ள ஜோம்சோமில் 300-க்கும் குறைவு.

இப்படிப்பட்ட சரிவில் மண்வெட்டி எந்திரத்தை இறக்கி, வெட்டிய மண்ணையும் பாறையையும் அப்படியே கீழே தள்ளிவிட்டுப் போகிறார்கள். தள்ளிய குவியல் ஓடைகளை அடைக்கிறது. வடிகால் இல்லாததால் மழைநீர் தடத்தின் மீதே ஓடி, வளைவுகளில் மண்ணை அரித்துக்கொண்டு சரிகிறது. 2021 ஜூனில் மர்ஸ்யாங்டி பெருக்கெடுத்துத் தால், சாமே பகுதிகளைச் சேறும் கல்லுமாக மூடியது. 2023 ஆகஸ்டில், ஜோம்சோமுக்கு வடக்கே மழையே அரிதான காக்பேனி கிராமத்தில் ஓடை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இவற்றுக்குச் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வெள்ளம் வரும் நிலத்தில், கம்பிவலைக்குள் கல் அடுக்கிய தடுப்புச் சுவரும் வடிகாலும் இல்லாமல் சாலை போடுவது அந்தக் கிராமங்களுக்கே செய்யும் தீங்கு. நடைபாதை சரிந்தால் ஊரார் நாலு நாளில் வேறு தடம் மிதித்துவிடுவார்கள். சாலை சரிந்தால் அரசைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

போக்ராவாசி:

பாறைமொழி சொல்வது முற்றிலும் சரி; மழைக்காலத்தில் நாள்கணக்கில் சாலை அடைபட்டு, வீட்டுக்குப் போக முடியாமல் என் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு விடை நல்ல சாலை. எதிர்க்கரையில் போட்டிருக்கலாமே என்ற யோசனைக்கு வருகிறேன்: கிராமங்கள் எந்தக் கரையில் இருக்கின்றனவோ அங்கேதான் சாலை வரும். இரு பக்கமும் சுவராக நிற்கும் மலையிடுக்கில் எதிர்க்கரை என்று ஒன்று பல இடங்களில் கையளவுகூட இல்லை.

ஒற்றையடி:

அந்த இடங்களில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் இடங்களில் மாற்றுத்தடங்கள் உருவாகியிருக்கின்றன. பாறைகளிலும் மரங்களிலும் முதன்மைப் பாதைக்குச் சிவப்பு-வெள்ளைக் கோடும், கிளைப்பாதைகளுக்கு நீல-வெள்ளைக் கோடும் தீட்டியிருக்கிறார்கள். மேல்பிசாங்கிலிருந்து கியாரு, ங்காவல் வழியாகப் போகும் உயர்பாதையில், வண்டித்தடம் வெகு கீழே நூல்போலக் கிடக்கிறது. கியாருவுக்கு ஏறும் வளைவுகளில் மூச்சுமுட்டி, 3,670 மீட்டரில் ஊர்முகப்பை அடைந்தபோது, தட்டைக் கூரையில் பக்வீட் தானியத்தைக் கோலால் அடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, வேலையை நிறுத்தாமலே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எதிரே இரண்டாம் அன்னபூர்ணாவின் பனி முழுவதும் கண்முன் நின்றது. அந்த வழி இன்னும் சாகவில்லை.

முக்திநாத்திலிருந்து இறங்கும்போதும் சாலையை விட்டு, திபெத்தின் பழைய சமயமான ‘போன்’ சமயத்தார் வாழும் லுப்ரா கிராமத்தின் வழியே ஜோம்சோமுக்கு வரலாம். இந்தத் தடங்களைப் பேணுவதற்குத்தான் பணம் வேண்டும். 1986-இல் தொடங்கிய அன்னபூர்ணா காப்புப் பகுதித் திட்டம், வெளிநாட்டினரிடம் 3,000 நேபாள ரூபாயும், நம்மைப் போன்ற சார்க் நாட்டினரிடம் 1,000 ரூபாயும் நுழைவுக் கட்டணம் பெறுகிறது. அந்தப் பணத்தின் முதல் உரிமை நடைத்தடத்துக்கு இருக்க வேண்டும் என்பேன்.

போக்ராவாசி:

நான் மறுப்பது இந்த இடத்தில்தான். கியாருவுக்கும் ங்காவலுக்கும் பயணிகள் போகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நீங்களே சொன்ன பஹுன்டாண்டாவின் பூட்டிய விடுதிக்கு அந்த மாற்றுத்தடம் எதைக் கொண்டுவந்தது? அந்தக் கட்டணத்திலிருந்து குடிநீரும் பள்ளியும் பெறும் ஊர்களில், முதல் உரிமை கோடு தீட்டுவதற்கு என்று நீங்கள் போய்ச் சொல்ல முடியுமா? அங்கே குடியிருப்பவர்களே அதைத் தீர்மானிக்கட்டும்.

ஒற்றையடி:

தீர்மானிக்கட்டும். ஆனால் அவர்களுக்குக் கேட்கும்படி, நடப்பவர்கள் தங்கள் காலாலும் வாக்களிக்கலாமே. கீழ்க்கிராமங்களை ஜீப்பில் தாண்டாமல், நடந்து தங்கிப் பாருங்கள் என்றுதான் சேலத்து நண்பருக்குச் சொல்வேன்.

சேலத்து நடையாளர்:

அனைவருக்கும் நன்றி. நானும் தம்பியும் திட்டத்தை மாற்றிவிட்டோம். பேசிசஹாரிலிருந்தே நடக்கிறோம், பஹுன்டாண்டாவிலும் தாலிலும் ஒவ்வோர் இரவு. மேல்பிசாங்கிலிருந்து உயர்பாதை, மனாங்கில் இரண்டு இரவு. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயலின் எச்சம் தோரோங் பகுதியில் பனிப்புயலாகி 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதைப் படித்ததால், வங்கக்கடலில் புயல் என்றால் கணவாய் ஏறாமல் காத்திருக்க ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறோம். 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டி கட்டாயம் என்று அறிவித்திருப்பதால், அந்தப் பகுதியிலேயே பிறந்தவர் ஒருவரை அமர்த்தப் போகிறோம். லுப்ரா வழியாக இறங்கி, ஜோம்சோமிலிருந்து போக்ராவுக்கு ஜீப். அதற்கு மேல் விடுமுறை இடம்தரவில்லை.

போக்ராவாசி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: பஹுன்டாண்டாவில் இன்னும் அடுப்பெரியும் வீடு எது என்று உங்கள் மாணவர்கள் யாருக்காவது தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.