ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை: உங்கள் வண்டியில் என்னவாக இருந்தது?

போரூர்வாசி:
என் டீசல் வண்டி 92,000 கி.மீ. ஓடியிருந்தது. 50-ஐத் தாண்டினால் "ஊய்ய்ங்" என்று ஆரம்பிக்கும், மிதிக்க மிதிக்க ஏறும். சர்வீஸில் விட்டேன். "டயர் சத்தம் சார், எல்லா வண்டியிலும் இருக்கும்" என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கத்திப்பாரா வளையத்தில் இடது பக்கமாகவே சுற்றி இறங்கும்போது சத்தம் கூடுவதையும், நேர் ரோட்டுக்கு வந்ததும் அடங்குவதையும் நானாகத்தான் கவனித்தேன்.

வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் இதைச் சொன்னதும் முன் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் என் கையைப் பிடித்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தார். உள்ளே யாரோ மணலை அரைப்பதுபோல் நறநற. இடது பக்கம் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வீல் பேரிங். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ப்ரெஸ்ஸில் வைத்துத் தள்ளி மாற்றினார். ஒரு மாதமாக அந்தச் சத்தத்தோடுதான் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்:
மேலே எழுதிய நண்பரே, உங்களுடையது ஆக்சிலரேட்டர் சத்தமே இல்லை. வண்டி ஓடும் வேகத்தோடு ஏறும் சத்தம் வேறு, இன்ஜின் சுற்றும் வேகத்தோடு ஏறும் சத்தம் வேறு. நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து ரேஸ் செய்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதில் வராத சத்தம் பெரும்பாலும் சக்கரம், டயர் பக்கம், இல்லையென்றால் கியர் பக்கம். வந்தால் பானெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

எனக்கு வந்தது இரண்டாவது வகை. ஏசி போட்டால் இன்னும் கத்தும். பாடி மேம்பாலம் ஏறினால் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். பெல்ட் என்று நினைத்து புது பெல்ட் போட்டேன், போகவில்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்து பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியின் போல்ட்டில் வைத்தார். சிரித்துவிட்டு என்னையும் கேட்கச் சொன்னார். காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருந்தது. அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி மட்டும் ஸ்டார்ட் செய்தார். அமைதி. அந்த அமைதியை மறக்கவே முடியாது.

(லூஸ் சட்டை, துப்பட்டாவோடு யாரும் ஸ்க்ரூ டிரைவர் வித்தை செய்ய வேண்டாம்.)

வேளச்சேரி மூன்றாவது மாடி:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். அப்பாவின் கார் சீட் வரை தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்துதான் கொண்டுபோனோம். இன்ஜின் ஆயில், பிரேக், சீட் எல்லாம் பார்த்தார்கள். கியர் ஆயில் மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான்.

எட்டு மாதம் கழித்து ஐந்தாவது கியரில் மட்டும் ஊளை. காலை எடுத்தால் சுருதி இறங்கும், மிதித்தால் ஏறும். நாலாவதில் சுத்தமாக இல்லை. டிரெயின் போல்ட்டைத் திறந்தபோது பக்கத்தில் நின்றேன். பால் கூடுதலாக விட்ட டீ மாதிரி வந்தது. வெளிச்சத்தில் டப்பாவைச் சாய்த்தால் ஜிகினா தூள் மின்னியது. அத்தனையும் கியர் பாக்ஸுக்குள்ளிருந்து தேய்ந்து வந்த உலோகம். ஆயிலை இரண்டு முறை மாற்றியும் சத்தம் பாதிதான் குறைந்தது.

ஓஎம்ஆர் டெய்லி:
எனக்கு டயர். பின் டயர் இரண்டும் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தன. அவ்வளவுதான் கதை.

ஆனால் போரூர் நண்பர் ஒரே பக்கம் சாய்த்துப் பார்த்து முடிவு கட்டியது சரியில்லை. வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், அதனால் இடது வளைவில் கத்தினால் வலது பேரிங் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் தேய்ந்த டயரும் அதே மாதிரிதான் கத்தும். நான் அதை நம்பிப் புது பேரிங் போட்டு ஏமாந்தவன். முதலில் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள், காசே செலவில்லை. சத்தம் இடம் மாறினால் டயர். தார் ரோட்டிலும் சிமெண்ட் ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள், சத்தம் மாறினாலும் டயர். நியூட்ரலில் நிற்கும்போது ஊளை வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்ஜின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குள் வாங்கும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். டர்போ டீசலில் விசில் சத்தத்தோடு இழுவையும் குறைந்தால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ஹோஸில் கிழிசல் இருக்கிறதா பாருங்கள், கிளாம்ப் லூஸாக இருந்தாலும் போதும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில் மட்டம் பாருங்கள், குறைந்திருந்தால் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முனகும். வேளச்சேரி சகோதரி, கியர் பாக்ஸைப் பிரிக்கும் செலவுக்கு புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸே கிடைக்கும், ஆனால் அது எந்த வெள்ளத்தில் நின்றதோ யாருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் வண்டியைத் தள்ளிவிடுவது நல்லது.

வேளச்சேரி மூன்றாவது மாடி:
உங்களைக் கேட்கவே இல்லையே சார்.

குரோம்பேட்டை 44:
எனக்கும் மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும் ஊளைதான். மூன்று மெக்கானிக்கிடம் காட்டியாயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது என் பெண் போன் சார்ஜரைப் பிடுங்கினாள். நின்றுவிட்டது. சத்தம் வந்தது ஸ்பீக்கரிலிருந்து. மூன்றாவது மெக்கானிக் வாங்கிய கூலியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போரூர்வாசி:
ஓஎம்ஆர் நண்பருக்கு: நான் சாய்த்துப் பார்த்து மட்டும் முடிவு கட்டவில்லை, கையை வைத்துப் பார்த்தேன். டயராக இருந்தால் ஸ்பிரிங்கில் நறநறக்காது. பேரிங் மாற்றிய அன்றே சத்தம் போய்விட்டது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நேற்று அதே கத்திப்பாராவில் நேராகப் போகும்போது லேசாக ஊய்ங். இந்த முறை இடது பக்கமோ என்று சந்தேகம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.